டப்பா கிட்டை விட்டுட்டு தானியத்துல பீர் போடறது: ஒரு அண்டா, ஒரு துணிப்பை, அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் கோத்தகிரிங்க. ஒம்பது வருஷம் மெல்போர்ன்ல டேண்டினாங் பக்கம் இருந்தேன், ஓட்டல் கிச்சன்ல வேலை, அங்கதான் வீட்டுல பீர் போடக் கத்துக்கிட்டேன். இப்ப ஊருக்கே திரும்பி வந்தாச்சு. ஆனா நம்ம மலையில இருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்துன்னு போன தம்பிங்க தங்கச்சிங்க எல்லாம் டப்பா கிட்ல நாலஞ்சு தடவை போட்டு பாத்துட்டு, அடுத்து என்ன அண்ணா பண்றதுன்னு வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்காங்க. ஒரே பதிலை இருபது பேருக்கு தனித்தனியா வாய்ஸ் நோட்டுல சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னுதான் இது. இங்க ஊர்ல இருக்கற பெரியவங்க கேட்டதும் கலந்து இருக்கு.

கேள்வி: கிட்லயே நல்லாத்தானே வருது அண்ணா, எதுக்கு மாறணும்?

நல்லா வந்தா மாறணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லை. டப்பாங்கறது யாரோ ஃபேக்டரியில தானியத்துல இருந்து சாறு எடுத்து, அதை சுண்டக் காய்ச்சி, ஹாப்ஸ்ங்கற கொடியோட பூ குடுக்கற கசப்பும் சேத்து அடைச்சது, 1.7 கிலோ டப்பாவைப் பிரிச்சு ஒரு கிலோ சர்க்கரை போட்டு தண்ணி ஊத்தினா வேலை முடிஞ்சுது. சாம்பார் பொடி பாக்கெட் வாங்கி சாம்பார் வெக்கற மாதிரிதான், சாம்பார் சாம்பார்தான், ஆனா மல்லி எவ்வளவு வறுக்கணும், மிளகாய் எவ்வளவுன்னு முடிவு பண்ணினது நீங்க இல்லை. தானியத்துல இருந்து ஆரம்பிச்சா அந்த முடிவெல்லாம் உங்க கைக்கு வந்துடும். பீர் லேசா இருக்கணுமா கனமா இருக்கணுமா, நிறம் எப்படி, பிஸ்கட் வாசனையா காப்பி வாசனையா, எல்லாமே. இன்னொண்ணு, ரொம்ப நாள் கடையில கெடந்த டப்பாவுல ஒரு பழைய வெல்லப்பாகு மாதிரி வாடை வரும் பாருங்க, அது புதுசா உடைச்ச மால்ட்ல (முளைகட்டின பார்லி) வரவே வராது. என்னைக் கேட்டா அது ஒண்ணுக்காகவே மாறலாம்.

கேள்வி: துணிப்பை முறைன்னா என்ன? மூணு பாத்திரம், பம்பு, குழாய் எல்லாம் வேணும்னு சொல்றாங்களே?

அது பழைய முறை. ஒரு பாத்திரத்துல சுடுதண்ணி, இன்னொண்ணுல தானியம் ஊறும், மூணாவதுல கொதிக்கும். 2000-களோட நடுவுல ஆஸ்திரேலியாவுல வீட்டுல பீர் போடறவங்க சில பேரு இவ்வளவு எதுக்குன்னு யோசிச்சு, ஒரே பெரிய அண்டா, அதுக்குள்ள பெரிய வலைத்துணிப் பை, மொத்த தண்ணியையும் மொதல்லயே ஊத்திடறதுன்னு ஆரம்பிச்சாங்க. தானியத்தை பைக்குள்ள போட்டு ஒரு மணி நேரம் 65-ல இருந்து 68 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணியில ஊறவிடணும், பையைத் தூக்கி வடியவிட்டுப் பிழியணும், மிச்சம் இருக்கற இனிப்புத் தண்ணியை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வெக்கணும், ஆறவெக்கணும், ஈஸ்ட் போடணும். இதான் மொத்தமும்.

இதுல நமக்கு புதுசா ஒண்ணுமே இல்லைங்கறதுதான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது. ராகியை ஊறவெச்சு துணியில கட்டி முளைவிட வெச்சு காயவெச்சு அரைச்சு கொழந்தைக்கு கஞ்சி காய்ச்சினது நம்ம பாட்டிங்கதான். முளைகட்டின ராகியில கஞ்சி வெச்சா சாதா ராகி மாதிரி கெட்டியாகாது, தண்ணியா, லேசா இனிப்பா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? முளைவிடும்போது தானியத்துக்குள்ள வர்ற என்சைம் மாவுச்சத்தை உடைக்குது, அதனாலதான். மால்ட்ங்கறது முளைகட்டின பார்லி, அவ்வளவுதான். பார்லிக்குள்ள இருக்கற அதே என்சைமை சரியான சூட்டுல ஒரு மணி நேரம் வேலை செய்ய விடறதுக்குப் பேருதான் மாஷ்.

கேள்வி: தம்பி, இதெல்லாம் நம்ம ஊர்ல போடலாமா? சட்டம் என்ன சொல்லுது?

மாமா, போடக் கூடாது. தமிழ்நாட்டுல 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கறது குற்றம், வீட்டுக்கு மட்டும்தான், விக்கறதுக்கு இல்லைன்னு சொன்னாலும் செல்லாது. அதனால நான் இங்க வந்ததுல இருந்து ஒரு பாட்டில் கூட போடலை. எங்க சட்டம் இடம் குடுக்குதோ அங்க இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். ஆஸ்திரேலியாவுல சொந்தக் குடிப்புக்கு பீர் போட லைசென்ஸ் வேண்டாம், ஆனா விக்கக் கூடாது, வடிச்சு சாராயம் எடுக்கறதுக்கு அங்கயும் அனுமதி வாங்கணும். இங்கிலாந்துல 1963-ல வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கினாங்க. அமெரிக்காவுல 1978-ல மத்திய சட்டம் மாறுச்சு, வீட்டுல பெரியவங்க ஒருத்தர்னா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ மேலயோ இருந்தா 200 கேலன் வரைக்கும். நீங்க இருக்கற நாட்டு சட்டத்தை நீங்களே ஒருதரம் பாத்துக்கங்க.

கேள்வி: பையன் ஆஸ்திரேலியாவுல வீட்டுலயே காய்ச்சறான்னு கேட்டதுல இருந்து எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. விஷமாயிடாதா?

அம்மா, உங்க பயம் எனக்குப் புரியுது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தப்பறம் காய்ச்சறதுங்கற வார்த்தையைக் கேட்டாலே யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அங்க உயிரைக் குடிச்சது மெத்தனால், ஃபேக்டரி வேலைக்கு உள்ளது, அதை சாராயம்னு சொல்லி வித்தாங்க. பீர்ல அதுக்கு வேலையே இல்லை. தானியச் சாறு ஈஸ்ட்ல புளிக்குது, தோசைமாவு மாதிரி, யாரும் எதையும் வடிக்கறதில்லை, வெளியில இருந்து ஸ்பிரிட் எதையும் கலக்கறதில்லை. இதுல கெட்டுப்போனா புளிப்பா நாத்தமா இருக்கும், கீழ ஊத்திடுவாங்க. பெரும்பாலும் நடக்கற ஆபத்துன்னு பாத்தா ரெண்டு: கொதிக்கற அண்டா கையில காலுல கொட்டறது, முழுசா புளிக்காம பாட்டில்ல அடைச்சு பாட்டில் வெடிக்கறது. பையன்கிட்ட இந்த ரெண்டையும் கேளுங்க, கவனமா இருக்கானான்னு.

கேள்வி: எவ்வளவு பெரிய பாத்திரம் வேணும்? தண்ணி கணக்கு எப்படி?

மொதல் தடவை 10 லிட்டர் போடுங்க, 20 லிட்டருக்குப் போகாதீங்க. 10 லிட்டருக்கு 20 லிட்டர் பாத்திரம் போதும், வீட்டு கேஸ் அடுப்புலயே கொதிக்கும், பையை ஒரு கையால தூக்கலாம். 20 லிட்டருக்கு 40 லிட்டர் அண்டா வேணும், அஞ்சு கிலோ தானியம் தண்ணி குடிச்சு எட்டு கிலோ வந்துடும், அதை சுடுதண்ணிக்கு மேல தூக்கிப் பிடிக்க மேல ஒரு கொக்கியோ கப்பியோ இல்லாம முடியாது.

தண்ணி கணக்கு பின்னாடி இருந்து வாங்க. கடைசியில 10 லிட்டர் வேணும். அண்டா அடியில வண்டலா முக்கால் லிட்டர் நிக்கும். ஒரு மணி நேர கொதியில மூணு லிட்டர் ஆவியாப் போகும், இது உங்க அடுப்பையும் அண்டா வாயையும் பொறுத்தது, ஒருநாள் வெறும் தண்ணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்து பாத்துடுங்க. தானியம் கிலோவுக்கு அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல குடிக்கும், அதுவும் நல்லாப் பிழிஞ்சாத்தான், 2.3 கிலோவுக்கு ஒண்ணே கால் லிட்டர் வைங்க. மொத்தம் 15 லிட்டர். தானியம் போட்டா கிலோவுக்கு 0.67 லிட்டர் மட்டம் ஏறும், ஆக பதினாறரை, 20 லிட்டர் பாத்திரத்துல பொங்காம நிக்கும். கொதி வர்றப்ப மட்டும் நுரை பால் பொங்கற மாதிரி விர்ருன்னு ஏறும், பக்கத்துலயே நில்லுங்க, ஃபோன் வந்தாலும் எடுக்காதீங்க.

கேள்வி: மொதல்ல போட ஒரு ரெசிபி சொல்லுங்க அண்ணா.

பேல் மால்ட் 2.1 கிலோ, லைட் கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். 67 டிகிரியில ஒரு மணி நேரம். கொதி ஆரம்பிச்ச உடனே பிரைட் ஆஃப் ரிங்வுட் 12 கிராம், இல்லேன்னா ஆல்ஃபா ஆசிட் (கசப்பு குடுக்கற சத்து) ஒம்பது பத்து சதவீதம் இருக்கற எந்த ஹாப்ஸும். அடுப்பை அணைச்சதும் வாசனைக்கு கேலக்ஸி ஹாப்ஸ் 15 கிராம். யூஎஸ்-05 ஈஸ்ட் அரை பாக்கெட், 18-ல இருந்து 20 டிகிரியில வைங்க. ஒரிஜினல் கிராவிட்டி, அதாவது புளிக்கறதுக்கு முன்னாடி சாறோட அடர்த்தி (வெறும் தண்ணி 1.000), 1.045 பக்கம் வரணும், புளிச்சு முடிஞ்சா 1.011 பக்கம் வந்து நிக்கும், ஆல்கஹால் நாலரை சதவீதம். வேற எதையும் சேக்காதீங்க. ஏலக்கா போடலாமா, கருப்பட்டி போடலாமான்னு மொதல் தடவையே கேக்கறவங்க நிறைய பேரு, மொதல்ல சாதாவா ஒண்ணு போட்டு அது எப்படி இருக்குன்னு நாக்குல பதிஞ்சாத்தான் அப்புறம் கருப்பட்டி என்ன மாத்துச்சுன்னு தெரியும்.

கேள்வி: பைக்கு என்ன துணி? பழைய வேட்டி போதாதா?

போதாது. பருத்தித் துணியில மாவு அடைச்சுக்கும், தண்ணி இறங்காது, எவ்வளவு அலசினாலும் வாடை போகாது. ஜன்னலுக்கு போடற மெல்லிசு பாலியெஸ்டர் வாயில் துணி இருக்கு பாருங்க, சாயம் போடாத வெள்ளை, அதுதான் சரி. அண்டாவையே உள்ள விடற அளவுக்கு பை பெருசா இருக்கணும், அப்பதான் தானியம் மூட்டையாக் கட்டிக்காம மெதந்து பரவும். தையல் ரெண்டு தடவை போடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், பை அடியில படக் கூடாது. என் ரெண்டாவது தடவை சூடு கொறைஞ்சுதேன்னு பை உள்ள இருக்கறப்பவே கேஸைப் பத்தவெச்சுட்டேன், துணி அடியில ஒட்டி உருகி கையகலம் ஓட்டை, தானியம் பூராவும் அண்டாவுக்குள்ள. சல்லடை, டீ வடிகட்டி, கடைசியில என் சட்டைன்னு எது கெடைச்சுதோ அதுல வடிகட்டி வடிகட்டி ராத்திரி ஒரு மணியாயிடுச்சு, பீரும் துவர்ப்பாத்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் அண்டா அடியில இட்லிப்பானைத் தட்டு ஒண்ணை கவுத்து வெச்சுடுவேன், ஓட்டை ஓட்டையா இருக்கறதால சூடும் வரும், துணியும் தப்பிக்கும். டேண்டினாங் கடையில வாங்கின அந்தத் தட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

கேள்வி: தானியத்தை மிக்ஸியில அரைச்சுக்கலாமா?

வேண்டாம். கடையிலயே உடைச்சுத் தருவாங்க, துணிப்பைக்குன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் நைசாக் கேளுங்க, இல்லைன்னா ரெண்டு தடவை மில்லுல விடச் சொல்லுங்க. பழைய முறையில தானியமே வடிகட்டி மாதிரி இருக்கணும், அதனால நைசா இருந்தா அடைச்சுக்கும். நமக்கு துணியே வடிகட்டி, அந்தப் பயம் இல்லை. பதம் எப்படின்னா கோதுமை ரவை மாதிரி உடைஞ்சிருக்கணும், கொஞ்சம் மாவும் இருக்கும், உமி கூடியவரைக்கும் முழுசா இருக்கணும். முழுசா உடையாத மணி ஒண்ணு ரெண்டு பரவாயில்லை, நிறைய இருந்தா அதுக்குள்ள இருக்கற மாவு உங்களுக்குக் கெடைக்காது. கிராவிட்டி வரலைன்னு என்கிட்ட வர்ற புகார்ல பாதிக்கு மேல காரணம் இதுதான்.

கேள்வி: சூடு ரெண்டு டிகிரி முன்னபின்ன ஆனா என்ன ஆயிடும்?

இங்கதான் கொஞ்சம் நின்னு நிதானமாப் பேசணும், மத்ததெல்லாம் கூடக்கொறைய இருந்தாலும் பீர் வந்துடும், இது மட்டும்தான் உங்க பீரோட உடம்பையே மாத்தும்.

மால்ட்ல ரெண்டு என்சைம் முக்கியம். பீட்டா அமைலேஸ் மாவுச்சத்தோட நுனியில இருந்து ஈஸ்ட்டுக்கு பிடிச்ச மால்ட்டோஸ் சர்க்கரையா ரெண்டு ரெண்டாக் கடிச்சுட்டு வரும், அதுக்கு 60-ல இருந்து 65 வரைக்கும் சௌகரியம், 70-க்கு மேல சீக்கிரமே செத்துடும். ஆல்ஃபா அமைலேஸ் நடுவுல எங்க வேணாலும் வெட்டும், அதுக்கு 70 பக்கம்தான் நல்ல வேகம், அது வெட்டினதுல ஈஸ்ட் தின்ன முடியாத பெரிய துண்டுங்களும் மிஞ்சும், அதுதான் பீருக்கு வாயில கனம் குடுக்கறது. அதனால 64, 65-ல வெச்சா வறட்சியா லேசா குடிக்க ஈஸியா வரும், 68, 69-ல வெச்சா கெட்டியா கொஞ்சம் இனிப்பா வரும். 67 ரெண்டுக்கும் நடுவுல.

தானியம் ஆறி இருக்கறதால தண்ணியை கொஞ்சம் கூடுதலா சூடு பண்ணிட்டுத்தான் கொட்டணும். கணக்கு இது: 0.41-ஐ ஒரு கிலோ தானியத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணியோ அதால வகுங்க, அதை நீங்க நினைக்கற சூட்டுக்கும் தானியத்தோட சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்குங்க, வந்ததை நீங்க நினைக்கற சூட்டோட கூட்டுங்க. 15 லிட்டர், 2.3 கிலோ, தானியம் 18 டிகிரி, 67 வேணும்னா தண்ணி 70 டிகிரி. தண்ணி நிறைய இருக்கறதால மூணு டிகிரிதான் இறங்கும். தானியத்தைக் கொட்டிக்கிட்டே ஒருத்தர் கிண்டணும், கட்டி விழக்கூடாது, ராகிக் களி கிண்டத் தெரிஞ்ச கை இருந்தா இதுக்கு ரொம்ப நல்லது. அப்புறம் அடுப்பை அணைச்சு, மூடி, கம்பளியால சுத்திடுங்க. ஒரு மணி நேரத்துல ரெண்டு டிகிரிக்குள்ள இறங்கினா கவலைப்படாதீங்க, மாவுச்சத்துல பெரும்பகுதி மொத இருபது முப்பது நிமிஷத்துலயே மாறிடும்.

தெர்மாமீட்டரை மட்டும் நம்பிடாதீங்க. ஒரு வருஷம் முழுக்க என் பீர் எல்லாம் 1.020-லயே நின்னுடும், குடிச்சா கஞ்சி மாதிரி, ஈஸ்ட் மாத்தினேன், தண்ணி மாத்தினேன், கடைசியில பாத்தா என் தெர்மாமீட்டர் நாலு டிகிரி கம்மியாக் காட்டுது, 68-ன்னு நெனச்சு 72-ல போட்டுட்டு இருந்திருக்கேன். அரைச்ச ஐஸ் நிறைஞ்ச தண்ணியில விட்டுக் கிண்டினா பூஜ்ஜியம் காட்டணும். கொதிதண்ணியில சரி பாக்கறதா இருந்தா நீங்க இருக்கற ஊரோட உயரத்தை யோசிங்க, ஊட்டியில ஒரு நண்பர் புது தெர்மாமீட்டர் கொதியில 92.5 காட்டுதுன்னு கடையில திருப்பிக் குடுக்கப் போனார், அது சரியாத்தான் காட்டியிருக்கு.

கேள்வி: மாவெல்லாம் சர்க்கரையா மாறிடுச்சான்னு எப்படித் தெரியும்?

ஒரு ஸ்பூன் சாறு மட்டும், சக்கை இல்லாம, வெள்ளைத் தட்டுல விட்டு ஆறவெச்சு ஒரு சொட்டு டிங்ச்சர் அயோடின் விடுங்க. கருநீலமானா மாவு இன்னும் இருக்கு, பழுப்பாவே இருந்தா முடிஞ்சுது. அந்த ஸ்பூனைக் கொட்டிடுங்க, திரும்ப அண்டாவுல ஊத்தாதீங்க.

கேள்வி: பையைப் பிழிஞ்சா துவர்ப்பு எறங்கும்னு சொல்றாங்களே?

எறங்காது, நல்லாப் பிழிங்க. உமியில இருந்து துவர்ப்பு வர்றது பிஹெச் (புளிப்பைக் காட்டற அளவு, ஏறினா புளிப்பு கம்மி) ஆறுக்கு மேல போய் சூடும் ஏறினாத்தான், கை அழுத்தத்துனால இல்லை. அப்ப நீ துவர்ப்பா வந்துச்சுன்னு சொன்னியேன்னு கேப்பீங்க, என் கதையில ஓட்டை வழியா வந்த உமி சாறோட சேந்து கொதிச்சுடுச்சு, அது வேற. கெட்டி ரப்பர் கையுறை ரெண்டு போட்டுக்கங்க, உள்ள ஒரு துணிக் கையுறை. இடியாப்பம் அவிக்கற பெரிய ஓட்டைத் தட்டை அண்டா மேல வெச்சு அதுல பையை உக்கார வெச்சு மேல ஒரு மூடியால அழுத்தினா கை சுடாது.

கேள்வி: தண்ணிக்கு ஏதாவது போடணுமா?

குழாத்தண்ணின்னா குளோரினை எடுத்துடணும், இல்லைன்னா ஆஸ்பத்திரி பிளாஸ்திரி மாதிரி ஒரு வாடை வரும், அது வந்துட்டா போகவே போகாது. கேம்டன் மாத்திரை ஒண்ணு 75 லிட்டருக்கு, அப்ப 15 லிட்டருக்கு கால் மாத்திரை கூட அதிகம்தான், பொடிச்சு கரைச்சுடுங்க. மெல்போர்ன் தண்ணி ரொம்ப மென்மை, எங்க மலை ஓடைத் தண்ணி மாதிரியே, சோப்பு போட்டா வழுக்கிட்டே இருக்கும். அப்படிப்பட்ட தண்ணியில கால்சியம் போதாது, 15 லிட்டருக்கு ஜிப்சம் ஒரு கிராம், கால்சியம் குளோரைடு ரெண்டு கிராம் போட்டா லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் வந்துடும். ஹாப்ஸ் தூக்கலா வேணும்னா ஜிப்சத்தைக் கூட்டுங்க, மால்ட் தூக்கலா வேணும்னா குளோரைடைக் கூட்டுங்க. மாஷ் பிஹெச் 5.2-ல இருந்து 5.6. லண்டன்ல இருக்கறவங்களுக்கு கதையே வேற, அங்க தண்ணி கடினம், வெளுப்பு பீர் போடறப்ப கொஞ்சம் லாக்டிக் ஆசிட் தேவைப்படும், கருப்பு பீருக்கு அந்தத் தண்ணி அப்படியே பொருந்தும், வறுத்த மால்ட்டோட புளிப்பு சரி பண்ணிடும்.

கேள்வி: உயரமான ஊர்ல இருந்தா கொதியில வித்தியாசம் உண்டா?

உண்டு. நம்ம ஊர்ல பருப்பு ஏன் குக்கர் இல்லாம வேகறதில்லை? 300 மீட்டர் ஏறினா கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி கொறையும், கோத்தகிரியில 94-லயே தண்ணி கொதிச்சுடும். ஜோகன்னஸ்பர்க்ல இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டார், அது 1,750 மீட்டர், அங்கயும் இதே கதைதான். மாஷுக்கு ஒண்ணும் ஆகாது, 67 எங்கயும் 67. ஆனா ஹாப்ஸோட கசப்பு கொதிசூட்டுலதான் உருமாறி எறங்குது, சூடு கொறைஞ்சா அதுவும் கொறையும், ஹாப்ஸைக் கொஞ்சம் கூடப் போடுங்க. பில்ஸ்னர் மால்ட் (ரொம்ப வெளுப்பான மால்ட்) போட்டீங்கன்னா 60-க்கு பதிலா 90 நிமிஷம், மூடி போடாம, இல்லைன்னா வேகவெச்ச சோள வாசனை நின்னுடும்.

கேள்வி: நீலகிரியில ஹாப்ஸ் வளருமா? பார்லி?

இந்தக் கேள்வி ரொம்ப பிடிக்கும் எனக்கு. குளிர் இருக்கே, மழை இருக்கேன்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா ஹாப்ஸ் கொடிக்கு வேண்டியது நீண்ட கோடைப் பகல். நம்ம மலை பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்குல இருக்கு, எவ்வளவு நீண்ட நாளானாலும் பன்னெண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான் பகல், கொடி வளந்தாலும் ஒழுங்கா பூக்காது. இந்தியாவுல அது வந்தது ஹிமாச்சல்ல லாஹவுல் பள்ளத்தாக்குல. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாவும் விக்டோரியாவோட ஓவன்ஸ் பள்ளத்தாக்கும்.

பார்லி இங்க இருந்துச்சு. தேயிலையும் உருளைக்கிழங்கும் எல்லாத்தையும் மூடறதுக்கு முன்னாடி படுகர் ஊர்கள்ல சாமை, ராகி, கோதுமையோட பார்லியும் வெளைஞ்சுது. ப்ரூவரியே இருந்துச்சுங்க, 1857-ல தொடங்கின காசில் ப்ரூவரி இந்த மலையிலதான், 1915-ல தாமஸ் லீஷ்மன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் தெற்குல இருந்த அஞ்சு ப்ரூவரியை ஒண்ணாச் சேத்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சப்ப அதுவும் அதுல சேந்துடுச்சு. ஐஸ் மெஷின் பரவாத காலத்துல இந்தக் குளிரும் ஓடைத் தண்ணியும்தான் அவங்களுக்கு மூலதனம். ராத்திரி ஜன்னலைத் தெறந்தா 15 டிகிரி காத்து வர்றப்ப எனக்கு அது ஞாபகம் வரும்.

கேள்வி: ஆறவெக்க காப்பர் சுருள் கட்டாயமா?

இல்லை. ஆஸ்திரேலியாவுல நிறைய பேரு ஆறவெக்கறதே இல்லை, கொதிக்கக் கொதிக்க கெட்டி பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி, காத்தை அமுக்கி வெளியேத்தி, மூடி, சாய்ச்சு மூடியிலயும் சூடு பட வெச்சு, மறுநாள் காலையில ஈஸ்ட் போடுவாங்க. கேன் எச்டிபிஈ பிளாஸ்டிக்கா, சூடு தாங்கறதான்னு பாத்துக்கங்க. ரெண்டு விஷயம்: கேனுக்குள்ள சூடு நிக்கறதால கடைசியில போட்ட ஹாப்ஸும் கசப்பு குடுக்கும், அந்த 15 கிராம் கேலக்ஸியை கேன்ல ஊத்தறப்ப போடாம பின்னாடி புளிக்கும்போது போடுங்க. வாரக்கணக்குல அப்படியே வெக்காதீங்க, புளிக்காத சாறுல காத்தில்லாம பாட்டுலிசம் கிருமி வளர எடம் இருக்கு, மறுநாளே போட்டுடுங்க. 10 லிட்டர்தான்னா கிச்சன் சிங்க்ல ஐஸ் தண்ணியில அண்டாவை உக்கார வெச்சாலே முக்கால் மணி நேரத்துல ஆறிடும்.

கேள்வி: ஈஸ்ட் எப்ப போடறது, எவ்வளவு சூட்டுல?

தயிருக்கு ஒறை ஊத்தற மாதிரிதான். பால் சூடா இருந்தா ஒறை கெட்டுடும், ஆறிப்போனா பிடிக்காது. இதுக்கு 18, 20 டிகிரி. கொதி முடிஞ்சப்பறம் சாறுல படற எல்லாமே, கரண்டி, குழாய், கை, சுத்திகரிச்சிருக்கணும், இதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. மெல்போர்ன் கோடையில வீட்டுக்குள்ளயே 30-ஐத் தாண்டும், அப்ப ஈர டவலைச் சுத்தி ஃபேன் வெச்சாலும் பத்தாது, ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருந்தா அதுக்கு மிஞ்சினது எதுவும் இல்லை, காப்பர் சுருளுக்கு செலவு பண்ற காசை அதுல போடுங்க. ரெண்டு வாரம் விடுங்க, மூணு நாள் இடைவெளியில ரெண்டு தடவை பாத்து கிராவிட்டி அசையலைன்னா மட்டும் பாட்டில்ல அடைங்க, கேஸ் ஏறறதுக்கு 10 லிட்டருக்கு சர்க்கரை 65 கிராம். மொதல் தடவை பிளாஸ்டிக் பாட்டில் நல்லது, அமுக்கிப் பாத்தே கேஸ் ஏறிடுச்சான்னு தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: கிராவிட்டி 1.045 வரலை, 1.036தான் வந்துச்சு. என்ன தப்பு?

மொதல்ல, ஆறவெச்சு பாத்தீங்களா? கிராவிட்டி பாக்கற ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவு வெச்சது, சூடா இருந்தா கம்மியாக் காட்டும். அப்புறம் அளவு பாருங்க, 10-க்கு பதிலா 12 லிட்டர் மிஞ்சியிருந்தா சர்க்கரை எல்லாம் இருக்கு, தண்ணி ஜாஸ்தி, அவ்வளவுதான், அடுத்த தடவை கொதியை வேகமா வைங்க. அதுவும் இல்லைன்னா உடைச்ச பதம். அதுவும் சரின்னா கிண்டினது போதாது, பைக்குள்ள காஞ்ச கட்டி இருந்திருக்கும். தானியத்துல கெடைக்கக்கூடிய சர்க்கரையில 70 சதவீதம் எடுத்தா போதும், அது ஒவ்வொரு தடவையும் அதே 70-ஆ வரணும், அதுதான் முக்கியம், 85-க்கு ஆசைப்படாதீங்க.

கேள்வி: அப்ப நீங்க கோத்தகிரியில அந்தத் துணிப்பையை என்ன பண்றீங்க?

ஈஸ்ட் போடற வரைக்கும் அது வெறும் மால்ட் சாறுதானே. பார்லி வாங்கி, ரெண்டு நாள் நடுநடுவுல தண்ணியை வடிச்சு காத்தாட விட்டு ஊறவெச்சு, ஈரச்சாக்குல பரப்பி நாலஞ்சு நாள் தினம் ரெண்டு தடவை பெரட்டிவிட்டு முளைகட்டறேன், இந்த ஊர் குளிரு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, கீழ மேட்டுப்பாளையத்துல இதே வேலையைச் செஞ்சா ரெண்டாவது நாளே பூஞ்சை பிடிச்சுடும். லேசான சூட்டுல காயவெச்சு, வேரைத் தேச்சு உதுத்துட்டு, உடைச்சு, அதே 67 டிகிரி, அதே பை, அதே இட்லித் தட்டு. சாறை தேன் பதத்துக்கு சுண்டக் காய்ச்சினா மால்ட் பாகு, பால்ல ஒரு ஸ்பூன் கலந்து வீட்டுல பசங்க குடிக்கறாங்க. வெளிநாடு கெளம்பற தம்பிங்க யாராவது வந்தா இதை வெச்சுத்தான் மாஷ் பண்ணக் காட்டிக் குடுக்கறேன், பாதி வித்தை இங்கயே கத்துக்கிட்டு போயிடறாங்க.

கேள்வி: சக்கையை என்ன பண்றது?

இங்க பக்கத்து வீட்டு மாடு கண்ணை மூடிட்டு தின்னுடும், புதுசா இருக்கறப்பவே குடுங்க, ஒருநாள் வெச்சா புளிச்சுடும். அங்க இருக்கறவங்க காயவெச்சு பொடிச்சு கோதுமை மாவுல நாலுல ஒரு பங்கு கலந்து சப்பாத்தி போடுங்க, நல்லா இருக்கும். ஹாப்ஸ் கலந்த கசண்டை மட்டும் நாய்க்கு எட்டற எடத்துல போடவே கூடாது, ஹாப்ஸ் நாயோட உயிரையே எடுத்துடும்.

கேள்வி: பையை எப்படி சுத்தம் பண்றது?

சக்கையைக் கொட்டினதும் உள்பக்கத்தை வெளிய திருப்பி உதறுங்க, பச்சைத்தண்ணியில அலசுங்க, சோப்பு வேண்டாம், வாசனை துணியில நின்னுடும். பிழிஞ்சு அன்னைக்கே கொடியில போடுங்க, நாளைக்குன்னு வாளியில விட்டீங்கன்னா மறுநாள் அந்த வாடைக்கு பையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஜூலை மாசம் எங்க ஊர் மூடுபனியில மூணு நாளானாலும் எதுவும் காயாது, அப்ப அடுப்பங்கரையில கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல தொங்க விடுவேன், விறகடுப்பு பக்கம் விடாதீங்க, ஒருதரம் பொகை பிடிச்சா அந்தப் பையில போடற மால்ட் எல்லாம் பொகையாத்தான் இருக்கும்.